திரையை மறைத்த கட்டைவிரல்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பட்டப்பெயர் 'இன்னொருதடவை'. அன்போடு வைத்தார்களா, வயிற்றெரிச்சலில் வைத்தார்களா என்று சொல்வது கஷ்டம். ஆறு மாடிக் கட்டடத்தில் கதவுப் பூட்டை மாற்றி முடித்து, கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லோரும் கீழே வந்து, கையில் டீ வாங்கி, முதல் வாய் குடிக்கப் போகும் நேரத்தில் அவர் சொல்வார்: "இன்னொரு தடவை பாத்துடலாம்." மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். பூட்டு ஒழுங்காகத்தான் இருக்கும். டீ ஆறிப்போயிருக்கும்.

கட்டடக்காரர்களுக்கு அவர் என்றால் உயிர். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொறுப்பான மனுஷனா!" என்று வேறு கட்டடத்துக்காரர்களிடம் சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவர் குனிந்து பையில் எதையாவது தேடுவார். பொறுப்பு வேறு, பயம் வேறு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதால் வித்தியாசம் தெரிவதில்லை. உள்ளே இருப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டிலும் இதே கதைதான். அடுப்பை அணைத்தோமா என்று நாலு மாடி இறங்கியவர் திரும்ப ஏறுவார். ஏறிப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டி, பூட்டைப் பிடித்து இழுத்து, இரண்டு படி இறங்கி, மறுபடி ஏறி வந்து இழுப்பார். "ஏங்க, இழுத்து இழுத்து ஒரு நாள் அந்தப் பூட்டு உங்க கையோட வரப்போகுது" என்பாள் மனைவி. அவர் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் இப்படி இருந்தவரே இல்லை. ஒயரைப் பல்லால் கடித்து உரிப்பவர். எல்லாவற்றையும் ஒரே ஒரு தடவை, அதுவும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு "ஓடும், ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட்டில் பறக்கும் சிறிய விமானங்களைப் பறக்க விடுவார். அதுவும் அந்த 'ஓடும், ஓடும்' முறையில்தான். இரண்டு விமானம் வைத்திருந்தார். ஒன்று பழகுவதற்கு ஏற்ற, முன்னால் புரொபெல்லர் வைத்த விமானம்; பெயர் குருவி. இன்னொன்று நீண்ட இறக்கையோடு காற்றில் மிதந்து போகும் கிளைடர். அதற்கும் மேலே ஏறுவதற்காக ஒரு சின்ன மோட்டார் உண்டு. அதன் பெயர் தும்பி.

இரண்டுக்கும் ரிமோட் ஒன்றுதான். அதன் சின்னத் திரையில் எந்த விமானத்தின் பெயர் இருக்கிறதோ, அந்த விமானத்துக்கான அமைப்பில் ரிமோட் வேலை செய்யும். பெயரை மாற்றினால் குச்சிகளுக்கும் சுவிட்சுகளுக்கும் அர்த்தமே மாறிவிடும். குருவியில் இடது தோள் சுவிட்சைத் தட்டினால் இறக்கை மடல்கள் கொஞ்சம் குறைவாக அசையும், அவ்வளவுதான். தும்பியில் அதே சுவிட்சைத் தட்டினால் மோட்டார் முழு வேகத்தில் ஓடும். அதனால் விமானத்தில் பேட்டரி மாட்டும் முன் திரையில் இருக்கும் பெயரைப் பார்ப்பதுதான் இந்த விளையாட்டின் முதல் பாடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். குருவி சாப்பாட்டு மேஜை மேல் இருந்தது. மனைவியின் தம்பி வந்திருந்தான். சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். ஐம்பது அடுக்குத் துணியை ஒரே கோட்டில் வெட்டுகிற கை அவனுடையது. சும்மா நிற்காமல் விமானத்தின் மூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நம்மாள் திரையைப் பார்க்காமலேயே பேட்டரியை மாட்டினார். மடல் எவ்வளவு அசைகிறது என்று பார்க்க, இடது தோள் சுவிட்சைத் தட்டினார். ரிமோட் முந்தின வாரத்தில் விட்ட தும்பியிலேயே இருந்தது.

ஒரு நொடிகூட ஆகியிருக்காது. மச்சினனின் வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போய்விட்டன.

நடந்தது இது மட்டும் என்றால் அவர் எப்படியாவது தேறியிருப்பார். கை தவறுவது மனுஷனுக்கு நடப்பதுதான். அதற்குப் பிறகு அவர் செய்த காரியம்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. மோட்டாரை நிறுத்தியதும் அவர் கண் முதலில் போனது திரைக்கு. தும்பி என்று இருந்தது. மச்சினன் தரையில் விழுந்து கிடக்க, சமையலறையிலிருந்து மனைவி ஓடி வரும் சத்தம் கேட்க, அவர் விரல் பட்டனை இரண்டு தடவை அழுத்தியது. திரையில் குருவி என்று வந்தது. அதற்கப்புறம்தான் குனிந்து மச்சினனின் கையைப் பிடித்தார்.

"எப்படிங்க ஆச்சு?" என்று மனைவி கதறினாள்.

"கருவியில கோளாறு. தானா ஓட ஆரம்பிச்சிருச்சு" என்றார்.

ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார். பிறகு யார் கேட்டாலும் அதையே சொன்னார். தம்பியைத் தாய் இல்லாத குறை தெரியாமல் வளர்த்தவள் மனைவி. அவளுக்கு ஆறவே இல்லை. "இப்படி ஒரு பொருளைச் செஞ்சு விக்கறானே, அந்தக் கம்பெனிக்காரன் நல்லா இருப்பானா? அவன் கை விளங்குமா?" என்று சாப்பாடு பரிமாறும்போதெல்லாம் திட்டுவாள். அவளுக்குத் தெரியாது, அந்தக் கம்பெனிக்காரன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று. கம்பெனிக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். எழுதினேன் என்றார். பதில் வந்ததா என்றாள். இல்லை என்றார். பதில்கூடப் போடாத திமிரா என்று அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

மச்சினன் மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை. கட்டிங் மேஜையிலிருந்து அவனை எடுத்துவிட்டார்கள். வெட்டிய துணிக்கட்டுகளுக்கு நம்பர் ஒட்டும் வேலை கொடுத்தார்கள். வீட்டுக்கு முன்போலவே வந்து போனான். மாமா என்று முன்போலவே கூப்பிட்டான். ஒரு வருஷம் விமானத்தைத் தொடாமல் இருந்தவரிடம், "எனக்காக ஏன் மாமா நிறுத்தணும்? பறக்க விடுங்க" என்று சொன்னதும் அவன்தான். அவன் சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அப்போதிலிருந்துதான் அவர் இன்னொருதடவை ஆனார்.

இந்த நிலைமையில், ஒரு செவ்வாய்க்கிழமை துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "தம்பி ஞாயித்துக்கிழமை உங்ககூட மைதானத்துக்கு வரானாம். எப்படித் தயார் பண்றாங்கன்னு ஒண்ணொண்ணாப் பாத்து, அவனே ஓட்டிப் பாக்கணுமாம்."

"எதுக்கு இப்ப?" என்றார்.

"ஏன், பயம் போகணும்னுதான். நல்லதுதானே? ஆனா ஒண்ணு. அவன் மேல ஒரு கீறல் விழுந்தாலும் நான் மனுஷியா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

கீறல் பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் இன்னொரு பக்கம். விமானத்தைப் பத்திரமாகத் தயார் செய்வது எப்படி என்று ஒருவனுக்குச் சொல்லித்தர வேண்டுமானால் முதலில் திரையையும் பெயரையும் காட்ட வேண்டும். பெயர் மாறியிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். மச்சினன் துணியின் ஒரு நூல் கோணினாலும் கண்டுபிடிக்கிறவன். ஒரு நிமிஷத்தில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிடும். சொல்லித்தராமல் விட்டால் ஆபத்து. சொல்லித்தந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் பிரேக்கை ஏழு தடவை பார்த்தார். உதவியாளர் எட்டாவது தடவை வர மறுத்துவிட்டார்.

அவரிடம் ஒரு அட்டை உண்டு. விபத்துக்குப் பிறகு அவரே கைப்பட எழுதியது. பறப்பதற்கு முன் பார்க்க வேண்டிய பதினெட்டு விஷயங்கள். முதல் வரி, சிவப்பு மையில்: 'திரையில் பெயர் சரியா?' மைதானத்தில் இந்த அட்டையை வரிவரியாக உரக்கப் படித்துத்தான் எல்லாம் செய்வார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் உட்கார்ந்து புது அட்டை ஒன்று எழுதினார். அதில் பதினேழு வரிகள்தான் இருந்தன. பெயரை வீட்டிலேயே குருவிக்கு மாற்றி வைத்துவிட்டால், மைதானத்தில் அந்தப் பேச்சே எழாது என்பது அவர் கணக்கு. மாற்றி வைத்தார். பேட்டரியைச் சார்ஜ் போட்டு, அது உப்பியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். மடல்களின் கீல்களை ஒவ்வொன்றாக இழுத்தார். புரொபெல்லரில் விரிசல் இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நின்றுவிடுகிறதா என்று, புரொபெல்லரைக் கழற்றிவிட்டு, மூன்று தடவை சோதித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். இன்னொருதடவைக்காரர் விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி எல்லாவற்றையும் பார்த்தார். குருவியைப் பார்த்து முடித்ததும் அலமாரியில் இருந்த தும்பியையும் எடுத்தார். தும்பி மைதானத்துக்கு வரவே போவதில்லை. ஆனாலும் ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பார்க்காமல் கிளம்பினால் அவருக்கு மனசு கேட்காது. ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். பெயரைத் தும்பிக்கு மாற்றி, மடல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அழைப்பு மணி அடித்தது. "மாமா, கிளம்பியாச்சா?" என்று மச்சினனின் குரல். திருடும்போது பிடிபட்டவர்போலத் தூக்கிப்போட்டது அவருக்கு. ரிமோட்டை அணைத்துப் பைக்குள் போட்டார். பெயரைத் திருப்பி மாற்றவில்லை. மாற்றச் சொல்லும் வரி அட்டையிலும் இல்லை.

மைதானம் என்பது லாரிகள் நிறுத்துவதற்காகச் சமப்படுத்தி, பிறகு யாரும் லாரி நிறுத்தாமல் விட்ட ஒரு பெரிய சிமெண்ட் தளம். அதைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர். எல்லோருக்கும் அவர் டிரைவர் அண்ணன். யாருடைய விமானமாக இருந்தாலும் கிளம்பும் முன் வாலைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. மச்சினனைப் பார்த்ததும் "வாங்க தம்பி" என்றார். ரொம்ப நாள் தெரிந்தவர்போல அவர் சொன்னதை மெக்கானிக் கவனிக்கவில்லை. அவருக்கு அப்போது காதில் எதுவும் ஏறவில்லை.

இறக்கையை உடம்போடு சேர்த்துத் திருகுகளை முடுக்கினார். அட்டையைப் படித்தார். "இறக்கைத் திருகு. சரி. கீல். சரி. எடை நடு."

"எடை நடுன்னா?" என்றான் மச்சினன்.

"இறக்கைக்கு அடியில ரெண்டு பக்கமும் விரலை வச்சுத் தூக்கணும். மூக்கு லேசாத் தாழ்ந்து நின்னா நல்லது. வால் தாழ்ந்தா ஏறினதும் விழுந்துரும்."

"நான் தூக்கறேன்."

இடது கை ஆள்காட்டி விரலை ஒரு பக்கம் வைத்தான். வலது பக்கம் பாதி விரலை வைத்துப் பார்த்தான், எட்டவில்லை. மோதிர விரலை வைத்தான். விமானம் மெல்ல எழும்பியது. மூக்கு ஒரு நூல் அளவு தாழ்ந்து அசையாமல் நின்றது. மெக்கானிக் சிமெண்ட் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரி" என்றார்.

"பாக்காமயே சரிங்கறீங்களே மாமா" என்றான் அவன்.

பேட்டரி மாட்டும் நேரம் வந்தது. டிரைவர் அண்ணன் முட்டி போட்டு வாலைப் பிடித்துக்கொண்டார். ரிமோட்டை முதலில் போட வேண்டும், பிறகு விமானத்துக்குப் பேட்டரி. மெக்கானிக் ரிமோட்டைப் போட்டார். திரை ஒளிர்ந்தது. மச்சினன் எட்டிப் பார்க்க வருவதுபோல ஒரு அடி வைத்தான். சட்டென்று அவர் இடது கட்டைவிரல் திரையின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. அவனிடமிருந்து மறைத்தால் தன்னிடமிருந்தும் மறைந்துவிடும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை. பேட்டரியை மாட்டினார்.

மச்சினன் விமானத்தின் மூக்குப் பக்கமாக நகர்ந்தான். அவ்வளவுதான், அவருக்குக் கைகால் ஓடவில்லை. "அங்க போகாத மாப்ள! பின்னாடி போ, பின்னாடி போ!" என்று கத்தினார். அவன் வாலுக்குப் பின்னால் போய் நின்றான். அப்படியும் அவர் மனசு அடங்கவில்லை. அவன் மறுபடி முன்னால் வந்துவிட்டால்? வர முடியாதபடி தானே போய்ப் புரொபெல்லருக்கு முன்னால், ஒரு கை தூரத்தில், வழியை அடைத்துக்கொண்டு நின்றார். வெட்டுவதாக இருந்தால் இந்தத் தடவை என்னை வெட்டட்டும் என்ற ஒரு கிறுக்குத்தனமும் அதில் இருந்தது.

"மெக்கானிக், நீங்க ஏன் அங்க நிக்கறீங்க?" என்றார் டிரைவர்.

"இருக்கட்டும்ண்ணே." அட்டையைப் பார்த்தார். "இறக்கை மடல். வலது பக்கம் குச்சி தள்ளினா வலது மடல் மேல போகணும்." தள்ளினார். அவருடைய வலது கைப்பக்கம் இருந்த மடல் மேலே போனது. "சரி. அடுத்தது, இடது தோள் சுவிட்ச்."

அவர் விரல் சுவிட்சின் மேல் போய் உட்கார்ந்தது.

"மாமா, இருங்க! தொடாதீங்க. அது சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"மடல் மாத்தி வேலை செய்யுது. வலதுன்னீங்க, இடதுல்ல மேல போச்சு?"

"இல்ல மாப்ள, நல்லாப் பாரு. வலதுதான்."

"நீங்க சட்டைக்கு எதிர்ல நிக்கறீங்க மாமா" என்றான் அவன் நிதானமாக. "போட்டிருக்கறவனுக்கு எது வலதோ அதுதான் வலது. துணி வெட்டும்போது புதுசா வர்றவன் பண்ற மொதத் தப்பே இதுதான். ரெண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வந்துரும். இங்க வந்து, என் பக்கத்துல நின்னு பாருங்க."

சுவிட்சிலிருந்து விரலை எடுத்துவிட்டு, விமானத்தைச் சுற்றிக்கொண்டு வாலுக்குப் பின்னால் வந்தார். குச்சியை வலது பக்கம் தள்ளினார். இடது மடல் மேலே போனது. குருவியில் அப்படி நடக்கவே நடக்காது; நேற்று பார்த்தது, இன்று காலையும் பார்த்தது. தும்பியில்தான் மடலை அசைக்கும் மோட்டார்கள் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தன; அதன் அமைப்பில் குருவியின் மடல் எதிர்ப்பக்கமாகத்தான் அசையும்.

கட்டைவிரலை நகர்த்தினார். திரையில் தும்பி என்று இருந்தது.

இன்னும் அரை நொடி. அந்தச் சுவிட்ச் தட்டப்பட்டிருந்தால் அவர் காலுக்கு நேர் எதிரே புரொபெல்லர் முழு வேகத்தில் சுற்றியிருக்கும். வாலைப் பிடித்திருக்கும் டிரைவருக்கு எழுபது வயசு. திடுக்கிட்டுக் கையை விட்டிருந்தால்? மெக்கானிக் அப்படியே சிமெண்டில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

டிரைவர் அண்ணன் ஒன்றும் கேட்காமல் பேட்டரியைக் கழற்றினார். அதை எடுத்துக்கொண்டு, தன் பையில் ஏதோ தேடுகிறவர்போலத் தூரமாகப் போய்விட்டார்.

"என்ன ஆச்சு மாமா?" மச்சினன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "கோளாறா?"

அதே வார்த்தை. அவரே மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்த வார்த்தையை அவனே எடுத்து அவர் கையில் கொடுத்தான். ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். இன்றைக்கு ஒரு காயமும் இல்லை, ஒரு சேதமும் இல்லை, வீட்டுக்குப் போய்விடலாம். இப்போது ஆமாம் என்றால், இனி என்றைக்குமே வேறு பதில் சொல்ல முடியாது என்று அவருக்குப் புரிந்தது. அந்தப் பயம் மற்ற எல்லாப் பயத்தையும்விடப் பெரிதாக இருந்தது.

"கோளாறு இல்ல மாப்ள" என்றார். குரல் அவருடையதுபோலவே இல்லை. "நான்தான். இதுல வேற விமானத்தோட பேர் இருக்கு. பாக்காம விட்டுட்டேன். அன்னைக்கும் இதேதான். இதே பேர்தான். கருவி மேல ஒரு தப்பும் இல்ல."

மச்சினன் திரையில் இருந்த பெயரைப் படித்தான். பிறகு, "அவ்வளவுதானா?" என்றான்.

அவர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் அவர் அந்த முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை. கையைப் பார்ப்பார், தரையைப் பார்ப்பார். இப்போது பார்த்ததும், அவனுக்கு மீதியும் தெரியும் என்று அவருக்குப் புரிந்துபோனது.

"இல்ல" என்றார். "உன் கையைப் பிடிக்கறதுக்கு முன்னாடி... நீ கீழ கிடந்தப்ப... நான் அந்தப் பேரை மாத்தினேன். அப்புறம்தான் உன்கிட்ட வந்தேன்."

"டிக், டிக்னு ரெண்டு தடவை கேட்டுச்சு" என்றான் அவன். "வலி அப்ப வரவே இல்ல மாமா. நான் உங்க கையத்தான் பாத்துகிட்டு இருந்தேன். இவர் ஏன் என்கிட்ட வராம அதைப் போட்டு அமுக்கிகிட்டு இருக்காருன்னு."

"அப்பவே தெரியுமா?"

"எதையோ மறைக்கறீங்கன்னு தெரிஞ்சுது. என்னன்னு தெரியல. ஆறு மாசம் கழிச்சு இங்க வந்து டிரைவர் அண்ணன்கிட்ட விசாரிச்சேன். அவர் ரிமோட்டைக் காட்டி வெளக்கினாரு."

"ஏன்டா கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா இல்லம்பீங்க. இல்லன்னு ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன இருக்கு? அக்காவுக்குத் தெரிஞ்சா உங்களோட இருக்க மாட்டாள்னு பயம் வேற. அதான் நீங்களா சொல்வீங்களான்னு இருந்தேன். இன்னைக்குப் பறக்க விட வரல மாமா. எனக்கு முதல்ல எதைக் காட்டறீங்கன்னு பாக்கத்தான் வந்தேன். நீங்க கட்டைவிரலை வச்சு மூடுனீங்க."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுகை நிற்கவில்லை. கொஞ்சம் அடங்கியதும், "என் மேல கோவம் போயிடுச்சா?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"இல்ல" என்றான் மச்சினன். "போகுமான்னும் தெரியல. இன்னும் ஒரு துணியைப் பாத்தா கை தானாக் கத்தரிக்கோலைத் தேடுது." எழுந்து நின்று, கால்சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டினான். "அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க. இப்பவே, போன்ல. வீட்டுக்குப் போனா இன்னொரு தடவை யோசிக்கலாம்பீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. போனை எடுத்தார். மச்சினன் தள்ளிப் போய் டிரைவர் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டான். மணி ஒரே ஒரு தடவைதான் அடித்தது. காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தாள்போல.

"ஏங்க? தம்பிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கான்."

"சத்தியமா?"

"சத்தியமா. நீ உக்காந்துக்கோ. ஒண்ணு சொல்லணும்."

சொன்னார். ஒன்றையும் விடவில்லை. மேஜை, பேட்டரி, பெயர், பட்டனை அழுத்திய இரண்டு தடவை, எழுதவே எழுதாத கடிதம். சொல்லச் சொல்ல எதிர்ப்பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. நடுவில் லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை. அவள் கத்துவாள், அழுவாள், கையில் இருப்பதைப் போட்டு உடைப்பாள் என்று எதிர்பார்த்து அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்.

"இது தம்பிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். குரல் உயரவே இல்லை.

"தெரியும். அப்பவே தெரியுமாம்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"இங்க டிரைவர் அண்ணனுக்கு."

"அப்ப இத்தனை வருஷமா எனக்கு மட்டும்தான் தெரியாது."

போன் வைக்கப்பட்டது. அவர் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மச்சினன் நடந்து வந்தான். "அக்கா என்ன சொன்னா மாமா? ரொம்பத் திட்டினாளா?"

"திட்டல." அவள் சொன்னதை அப்படியே சொன்னார்.

அவன் முகம் வெளுத்தது. மூன்று வருஷமாகத் தன் பக்கம் தப்பே இல்லை என்று இருந்தவன் அவன். "நானும் சொல்லியிருக்கணுமோ?" என்றான், சின்னப் பையன் குரலில்.

டிரைவர் அண்ணன் தூரத்திலிருந்து, பறக்க விடப் போகிறீர்களா இல்லையா என்று கையாலேயே கேட்டார். இல்லை என்று இரண்டு பேரும் தலையாட்டினார்கள். குருவியின் இறக்கையைக் கழற்றித் துணியில் சுற்றினார்கள். திருகுகளை எண்ணி டப்பாவில் போட்டார்கள். பையை மூடினார்கள். வேலை அவ்வளவும் முடிந்த பிறகும், முதலில் கிளம்புவது யார் என்று தெரியாமல் இரண்டு பேரும் வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.